ஏறாவூரில் நின்றுவிடும் கோச்சி

மட்டக்களப்பு ஸ்டேசனில் எஞ்சினைத் திருப்புவதற்கென்று ஒரு வட்டப் பள்ளம் இருக்கிறது. பள்ளத்தின் குறுக்கே, பாலம் மாதிரி, ஒரு துண்டுத் தண்டவாளம். கொழும்பிலிருந்து கோச்சியை இழுத்துக்கொண்டு வந்த எஞ்சின் அதன்மேல் ஏறி நிற்கும். இரண்டு பேர் ஒரு நீண்ட மரத்தில் நெஞ்சை வைத்துத் தள்ளுவார்கள். அவ்வளவு பெரிய இரும்பு மெல்லச் சுழன்று, வந்த திசைக்கே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்பாவுக்கு வந்த பார்சலை எடுக்கப் போன நான் பார்சலை மறந்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தள்ளியவர்களில் ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். தள்ளிக்கொண்டே மற்றவரிடம் இறால் விலையைப் பற்றி முறையிட்டார். மற்றவர் சிரித்தார். எஞ்சின் திரும்பியது.

அந்த இடத்தில்தான் எனக்குத் தோன்றியது. இரண்டு மனிதர் இறால் விலை பேசிக்கொண்டே தள்ளக்கூடிய ஒரு பொருள், கொஞ்சம் சுருக்கினால், எங்கள் வீட்டுக்குள்ளும் ஓடும்.

இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். அன்றைக்கு வீடு வரும்வரை எனக்கு அது நிரூபிக்கப்பட்ட உண்மையாக இருந்தது. பார்சலை எடுக்க மறுநாள் திரும்பப் போனேன்.

அப்போது கிளறிக்கல் சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். வீட்டில் நாங்கள் நான்கு பேர்: அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த அப்பா, அம்மா, அக்கா, நான். நீர்ப்பாசனப் பகுதியில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது சாமான்களை ஏலத்தில் விட்டார். அதில் ஒரு பெட்டியை எடுத்த கடைக்காரரிடம் என் சைக்கிளைக் கொடுத்துவிட்டு அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். உள்ளே சாவி கொடுத்தால் ஓடும் பச்சைத் தகர எஞ்சின் ஒன்று, அதன் பின்னால் கொளுவ இரண்டு பெட்டிகள், வட்டமாகப் பூட்டக்கூடிய எட்டுத் தண்டவாளத் துண்டுகள். மண்டபத்தின் நடுவில் பூட்டி ஓடவிட்டேன். மூன்று சுற்று சுற்றி நின்றது. அம்மா கைதட்டினாள். எனக்கு ஆத்திரம் வந்தது. சுற்றிச் சுற்றி வருவதற்குச் செக்கு போதாதா? கோச்சி என்றால் ஓரிடத்தில் புறப்பட்டு இன்னோரிடத்தில் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே ஓட்டமாவடியிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் பாதை போடுவதென்று முடிவெடுத்தேன். ஓட்டமாவடிப் பாலம் வேண்டும் என்பதுதான் முக்கிய காரணம். கோச்சியும் மாட்டுவண்டியும் முறைவைத்துப் போகிற அந்த ஒரே பாலத்தை விட்டுவிட்டு என்ன பாதை? ஸ்டேசனில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து, மைலுக்கு ஒரு முழம் என்று கணக்கிட்டேன். கணக்கில் ஒரு சாண்கூடப் பிசகக் கூடாது. ஒருமுறை சாவி கொடுத்தால் எஞ்சின் நில்லாமல் ஓட்டமாவடியிலிருந்து மட்டக்களப்புக்கு வந்துசேர வேண்டும். அதுதான் நான் எனக்கு வைத்த சோதனை.

தண்டவாளம் செய்ய மண்ணெண்ணெய்த் தகரம் போதும். சந்தைக்குப் பக்கத்தில் தகரக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர் ஒருவரிடம், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவரிடம், போனேன். அவர் ஏறாவூரிலிருந்து தினமும் வந்து போகிறவர்.

"என்னத்துக்குத் தம்பி இவ்வளவு நீளம்? கூரைக்குப் பீலி அடிக்கப் போறியளா?"

"தண்டவாளம் காக்கா."

"ஆருக்கு?"

"எனக்கு."

அவர் தகரம் வெட்டும் கத்தரியைக் கீழே வைத்தார். நான் பையிலிருந்து எஞ்சினை எடுத்துக் கொடுத்தேன். சாவியைத் திருகி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்.

"உள்ளுக்கு மணிக்கூடு மாதிரி இரிக்கி. இது எது மட்டும் ஓடும்?"

"ஓட்டமாவடியில இருந்து மட்டக்களப்பு மட்டும்."

"ஏறாவூருல நிக்குமா? நான் அங்கதானே இறங்கோணும்."

"நிக்கும் காக்கா" என்று சிரித்தேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு மாதம் இருவரும் தகரத்தைக் கீற்றாக வெட்டி, மடித்து, ஒரே அகலத்துக்கு மரக்கட்டை வைத்து ஈயம் பற்றவைத்தோம். தேயிலைப் பெட்டிப் பலகைகளை வீட்டுச் சுவரோரமாக முழங்கால் உயரத்தில் ஆணியடித்துப் பொருத்தினேன். ஓட்டமாவடி, சின்ன அறையின் மூலையில். பாலம் பழைய குடைக்கம்பிகளால் ஆனது. அதன் கீழே வாவிக்கு அம்மாவின் பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர். மட்டக்களப்பு, மண்டபத்தில் வாசற்கதவுக்குப் பக்கத்தில். ஸ்டேசனாக, தகரத்தாலான ஒரு பிஸ்கட் பேணி. எல்லாம் சரி. ஆனால் அறைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. கதவு வழியாகப் பாதையைக் கொண்டுபோனால் ஆட்கள் நடக்க முடியாது. கணக்கும் மூன்று முழம் கூடிவிடும். சுவரைத் துளைத்தேன்.

சத்தம் கேட்டு அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தாள். "ஐயோ மனே! வீட்டையா உடைக்கிறாய்?"

அப்பா பத்திரிகையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அக்கா மட்டும் கிட்டே வந்து, குனிந்து, துளையின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள்.

"டேய், அது என்ட சுவர், தெரியுமா?"

"தெரியும், தெரியும். கொஞ்சம் தள்ளி நில். மண் கொட்டும்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை பிறந்த வீட்டில் இருந்துவிட்டு ஒருநாள் இன்னொருத்தியின் வீட்டுக்குப் போகிறவன். அக்காவுக்குக் கலியாணம் நடந்தால் மாப்பிள்ளை இங்கே வருவார். அப்பா அம்மாவோடு நான் வளவின் பின்பக்கத்தில் இருந்த சின்ன வீட்டுக்குப் போக வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. எல்லாருக்கும் தெரிந்த மாதிரி எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்தச் சுவர்களில் நாற்பது ஆணி அடித்தேன். ஒன்றில் துளையும் போட்டேன். அடிக்கும்போது, இந்தப் பாதை என்றைக்காவது கழற்றப்பட வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. ஒரு துண்டைக் கழற்றினால் பக்கத்துத் துண்டும் உடைகிற மாதிரி எல்லாவற்றையும் சேர்த்து ஈயம் ஊற்றிவிட்டேன்.

முதல் ஓட்டத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டேன். சாவியைக் கடைசிவரை திருகி ஓட்டமாவடியில் விட்டேன். பாலத்தைத் தாண்டியது. கல்குடாவைத் தாண்டியது. துளைக்குள் நுழைந்தது. மண்டபத்தில் நின்ற அம்மா "வருது, வருது!" என்று கத்தினாள். எஞ்சின் துளையிலிருந்து தலையை நீட்டி, இரண்டு முழம் வந்து, நின்றது. அது நின்ற இடத்தில் நான் பென்சிலால் எழுதி வைத்திருந்த பெயர், ஏறாவூர்.

மட்டக்களப்புக்கு இன்னும் எட்டு முழம் கிடந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அது ஏறாவூரில் நின்றது. காக்காவிடம் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எங்கட ஊர் அதுக்குப் பிடிச்சுப் போச்சு தம்பி. பொண்ணு கிண்ணு பார்த்து வச்சிரிக்கோ தெரியா." எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் விட்டேன்: ஒரு முழம் கூடுதலாகப் போனது. ஆனால் பெட்டி இல்லாத கோச்சி என்ன கோச்சி? திரும்பக் கொளுவினேன். பாதையின் மடிப்புகளை அரத்தால் ராவினேன்: ஒரு சாண். அறைப் பக்கத்துப் பலகைகளை உயர்த்தி, ஓட்டமாவடியிலிருந்து பாதை இறக்கமாக வரும்படி செய்தேன். இதைவிட நல்ல யோசனை எனக்கு வந்ததில்லை என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் வேகமாக இறங்கி, பாலத்தின் குடைக்கம்பியில் மோதி, வாவிக்குள் விழுந்தது. பலகைகளைப் பழையபடி இறக்கினேன். எஞ்சினைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்து, பல்சக்கரங்களில் துரு பிடிக்காமல் இருக்கத் தாராளமாகத் தேங்காயெண்ணெய் விட்டேன்.

அந்த நேரத்தில்தான் அக்காவின் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை பழுகாமத்துப் பக்கத்தவர், பள்ளிக்கூட வாத்தியார். தை மாதக் கடைசியில் நாள். பொங்கலுக்கு முன்னால் வீடு முழுக்க வெள்ளையடிக்க வேண்டும். அதற்கு முன்னால் மேசன் வந்து துளையை அடைக்க வேண்டும். அதற்கும் முன்னால் என் பாதை கழற்றப்பட வேண்டும். அம்மா விரல் மடித்துச் சொன்னாள். நான் அக்காவிடம் போனேன்.

"ஒரு தரம் முழுசா ஓடட்டும். ஒரே ஒரு தரம். மறுகா நானே கழட்டிப் போடுறன்."

அவள் யோசித்தாள். "சுண்ணாம்பு நீத்திற நாள் வரைக்கும் ஓட்டு. அண்டைக்குக் காலமையோட சரி."

ஆக எனக்கு மார்கழி முழுவதும் இருந்தது. மார்கழி எங்கள் ஊரில் என்ன செய்யும் என்பதைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. மழை நாள்கணக்கில் நிற்காமல் பெய்தது. வயல்வட்டை எல்லாம் வெள்ளம் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்துபோனார்கள். வீட்டுக்குள் பலகைகள் ஈரத்தில் ஊதி, தகடு தகடாகப் பிரிந்தன. அதன்மேல் கிடந்த தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்தது. ஒரு பக்கத்தை நிமிர்த்தினால் மறுபக்கம் எழும்பும். காலையில் போத்தலுக்குள் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அதே எண்ணெய் எஞ்சினின் வயிற்றுக்குள்ளும் உறைந்து கிடக்கிறது என்பது எனக்கு ஆறாவது நாள்தான் மண்டையில் ஏறியது. அதுவரை, கோச்சி இப்போது ஏறாவூருக்குக்கூட வராமல் துளைக்குள்ளேயே நிற்பதற்குக் காரணம் தேடி, பாதை முழுவதையும் இரண்டு தடவை தட்டித் தட்டி நிமிர்த்தியிருந்தேன்.

இதற்கிடையில் என் கோச்சி ஓடிய நாடும் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் பார்த்தால் வாவியைக் காணவில்லை. அம்மா தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வெத்திலை வைக்க வேணும் மனே."

"இன்னும் ஒரு மாசம் கிடக்கே அம்மா!"

"தேய்க்கவே ஒரு மாசம் வேணும். இதுக்குள்ள எத்தினை நாள் தண்ணி விட்டாய்? பார், பச்சை பிடிச்சிட்டு."

மறுநாள் கல்குடாவைத் தாங்கியிருந்த வாங்கு போனது. விருந்தாட்கள் உட்கார வேண்டுமாம். நான் கல்குடாவைச் செங்கல் அடுக்கித் தாங்கினேன். அந்தச் செங்கல்லும் அடுப்புக் கட்ட வேண்டும் என்று போனது. பிறகு கல்குடாவைக் கயிற்றால் சுவராணியில் கட்டித் தொங்கவிட்டேன். யாரிடம் சண்டை பிடிப்பது? எல்லாரும் நியாயமாகத்தான் எடுத்தார்கள்.

மழை விட்டு வெயில் எறித்த ஒரு நாளில் மாப்பிள்ளையின் தாய்மாமன் வீடு பார்க்க வந்தார். சீதன வீட்டை மாப்பிள்ளை பகுதியார் வந்து பார்ப்பது வழக்கம். பெரிய வயற்காரர், வாவியைத் தோணியில் கடந்து, வேட்டி முழங்கால்வரை நனைந்து வந்திருந்தார். கூரையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், நிலத்தை மிதித்துப் பார்த்தார். சின்ன அறைக்குள் போனவர் குனிந்து, துளை வழியாக மண்டபத்தில் நின்ற எங்களைப் பார்த்தார்.

"இது மாப்பிள்ளையும் பொம்பிளையும் இரிக்கிற அறை எண்டுதானே சொன்னியள்?"

"ஓம்" என்றார் அப்பா.

"அப்ப இந்த ஓட்டை ஆருக்கு?"

அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் முகம் எனக்குத் தெரிந்தது. நிறம் இல்லை. அந்த ஓட்டைக்காக இந்தக் கலியாணம் குழம்பினால் நான் என்ன செய்வேன் என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தேன். என் கைகள்தான் முதலில் ஓடின. அறைக்குள் போய், வெக்கையில் எண்ணெய் இளகியிருந்த எஞ்சினுக்குச் சாவி கொடுத்து ஓட்டமாவடியில் விட்டேன். அது தடக்குத் தடக்கென்று அவருடைய காலைக் கடந்து துளைக்குள் போனது. அவர் சின்னப்பிள்ளை மாதிரி கதவைச் சுற்றி மண்டபத்துக்கு ஓடி வந்தார். எஞ்சின் தலையை நீட்டியது. வந்தது. ஏறாவூரில் நின்றது.

"ஏன் நிண்டிட்டு?"

"எப்பவும் அங்கதான் நிக்கும்" என்றாள் அம்மா, அது நல்ல விஷயம் என்ற மாதிரி.

அவர் தன் கைத்தடியை நீட்டி, அதன் நுனியால் எஞ்சினை மெல்லத் தள்ளினார். எட்டு முழமும் தள்ளிக்கொண்டே போய்ப் பிஸ்கட் பேணிக்குப் பக்கத்தில் விட்டார். "இந்தா, மட்டக்களப்பு வந்திட்டு! எல்லாரும் இறங்குங்க!" எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சத்தமாகச் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தங்கமான மனிதர், போகும்போது, "ஓட்டைய மட்டும் அடைச்சிருங்க தங்கச்சி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா கதவுக்குப் பின்னால் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஒருவன்தான் அழக்கூடிய நிலையில் இருந்தேன். தள்ளினால் அது ஓட்டம் ஆகாது என்பதை இந்த வீட்டில் யாருக்கு விளங்கப்படுத்துவது?

அன்று பின்னேரம் அக்கா வந்து பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "டேய், மட்டக்களப்பக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாவன். ஏறாவூருக்குப் பக்கத்தில வச்சா முடிஞ்சுது."

"மைலுக்கு ஒரு முழம். கணக்கு இரிக்கி."

"ஆர் வந்து அளக்கப் போறாங்க?"

"நான் அளப்பன்."

சுண்ணாம்பு நீற்றும் நாள் வந்தது. வளவில் குழி வெட்டி, சுண்ணாம்புக் கல்லைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். அது புகைந்து கொதிக்கும் சத்தம் அறைக்குள் கேட்டது. மேசன் விறாந்தையில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் எஞ்சினை முந்தின நாளே மண்ணெண்ணெயில் கழுவி, தேங்காயெண்ணெய் எல்லாவற்றையும் போக்கி, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் விட்டிருந்தேன். நெளிந்த இடங்களில் நூல் பிடித்து நிமிர்த்தியிருந்தேன். இதற்குமேல் செய்ய எனக்கு எதுவும் தெரியாது. அக்கா மட்டக்களப்புப் பக்கத்தில் போய் நின்றாள். நான் அறைக்குள்ளிருந்து விட்டேன்.

சத்தத்தை வைத்தே தெரிந்தது. முன்பு இல்லாத ஒரு சீரான சத்தம். பாலம், கல்குடா, துளை. நான் கதவைச் சுற்றி ஓடி வருவதற்குள் அக்கா, "வந்திட்டு! வந்திட்டுடா!" என்று கத்தினாள். வந்து பார்த்தேன். எஞ்சின் ஏறாவூரைத் தாண்டி மூன்று முழம் போய், பிஸ்கட் பேணியின் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

பேணி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு துருப்பிடித்த வட்டம் மட்டும் தெரிந்தது.

"நீ நகர்த்திட்டாய்."

"ஓம்" என்றாள். "என்ட வீடு. மட்டக்களப்ப நான் விரும்பின இடத்தில வைப்பன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முகத்தில் அவ்வளவு சந்தோசம். நான் பேணியைத் தூக்கினேன். துருப்பிடித்த வட்டத்தின்மேல் திரும்ப வைத்தேன். அவள் மேசன் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். எஞ்சினை அறைக்குள் கொண்டுபோய்ச் சாவியைத் திருகினேன். முடியும் இடம் வந்தது. மூன்று முழம் கூடப் போயிருக்கிறதே, இன்னும் ஐந்துதானே என்று நினைத்தேன். இன்னும் அரைத் திருகு. இன்னொரு அரை. உள்ளே ஏதோ பட்டென்று வெட்டுப்பட்டது. சாவி என் விரல்களுக்குள் எந்தத் தடையும் இல்லாமல் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

மேசன் எட்டிப் பார்த்தார். "தம்பி, தொடங்கவா?"

தொடங்கச் சொன்னேன். பாதையைக் கழற்ற முடியவில்லை. எனக்குத் தெரிந்ததுதான். வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. காக்கா கத்தரியோடு வந்து உதவினார்; போகும்போது எஞ்சினையும் திருத்திப் பார்க்க எடுத்துக்கொண்டு போனார். ஆணி பிடுங்கிய குழிகளை மேசன் ஒவ்வொன்றாக அடைத்தார். பின்னேரம் துளை இருந்த இடத்தில் ஈரமான சாந்து மட்டும் இருந்தது. அடுத்த நாள் அதுவும் வெள்ளைக்குள் போய்விட்டது.

கலியாணம் நன்றாக நடந்தது. அத்தான் வந்துவிட்டார். நல்லவர், கொஞ்சம் பேச்சுக் குறைவு. நாங்கள் பின்வீட்டில் இருக்கிறோம். என் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. நான் முன்வீட்டுக்குப் போனால் அக்கா கதிரை எடுத்துப் போடுகிறாள், தேத்தண்ணி தருகிறாள், விருந்தாளியைக் கேட்கிற மாதிரி அம்மாவின் சுகம் கேட்கிறாள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

போன கிழமை காக்கா எஞ்சினைத் திருப்பித் தந்தார். உள்ளே அறுந்திருந்த வில்சுருளின் நுனியைக் காய்ச்சி, ஓட்டை போட்டுத் திரும்பக் கொளுவியிருக்கிறார்.

"ஓடும் தம்பி. ஆனா சுருள் கட்டையாப் போச்சு. முந்தின மாதிரி வராது."

"ஏறாவூர் மட்டும் வருமா?"

அவர் சிரிக்கவில்லை. "கல்குடா தாண்டினாப் பெரிய காரியம்."

ஆனாலும் ஒன்று செய்யப் பார்க்கிறேன். இந்த முறை சுவரில் ஆணி இல்லை. பலகைகளைக் கதவு அகலத்துக்கு அறுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தூக்கக்கூடிய மாதிரிச் செய்து, கொக்கியால் பூட்டப் போகிறேன். நாளைக்கு நான் எந்த வீட்டுக்குப் போனாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். நேற்று நூலோடு முன்வீட்டுக்குப் போய் வாசற்கதவை அளந்தேன். அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நூலின் மறுமுனையை வந்து பிடித்தாள்.

முதல் பலகையில் மட்டக்களப்புத்தான் வரப்போகிறது. பிஸ்கட் பேணி என்னிடம் இருக்கிறது. பலகையை நாளைக்கு அறுத்துவிடுவேன். பிறகு இரண்டையும் தூக்கிக்கொண்டு முன்வீட்டுக்குப் போய், பேணியை எங்கே வைப்பது என்று அக்காவிடம் கேட்க வேண்டும்.